தர்க்கம் முடியாமல் கதவு திறக்காது

முன்னொரு காலத்துல மருங்கநாடுன்னு ஒரு நாடு. அதை ஆண்டவன் வல்லபராயன். நல்லவன்தான், ஆனா ஒரு நாழிகை ஒரு இடத்துல உட்காரமாட்டான். காலையில போட்ட உத்தரவை மத்தியானம் மாத்துவான், சாயங்காலம் "யாருய்யா மாத்தினது?"ன்னு கத்துவான். அவன்கிட்ட மந்திரியா இருந்து குப்பை கொட்டினவர் குழைக்காதர்.

அந்த நாட்டுல ஒரு வைத்தியக் கல்விச்சாலை இருந்துச்சு. ஊர் ஊரா குடியானவங்க கொடுத்த நெல்லுலதான் அங்கே உலை கொதிக்கும். தலைமை ஆசான் சாத்தனார். மூளைன்னா அப்படி ஒரு மூளை. கர்வமும் அதுக்குக் குறைச்சலில்லை. ஒருநாள் பாடம் நடத்துறப்ப, "நம்ம ராஜாவுக்குக் கால் கட்டைவிரல் வீங்குதே, அது கறியும் கள்ளும் கணக்கில்லாம உள்ளே தள்ளுறதால வர்றது"ன்னு பட்டுன்னு சொல்லிட்டார்.

சபையில மாறநாதர்னு ஒருத்தர். சாத்தனாரோட பீடத்து மேல அவருக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு. சேதி காதுல விழுந்ததும் ராஜாகிட்ட ஓடினார். "மகாராஜா! நம்ம சோத்தைத் தின்னுட்டு நம்மளையே குறை சொல்றான். கேட்பார் இல்லாம போச்சு!"

ராஜா துள்ளி எழுந்தான். "அப்படியா! இனிமே என் முத்திரை இல்லாம அங்கே ஒரு வரி சொல்லித்தரக் கூடாது. முத்திரை மாறநாதர் கையில இருக்கட்டும். சாத்தனார் பௌர்ணமிக்குள்ள நாட்டை விட்டுப் போகணும்!"

குழைக்காதருக்கு ஒண்ணு தெரியும். நோய் பார்க்க சாத்தனார் அளவுக்கு நாட்டுல வேற ஆள் கிடையாது. ஆனா எதிர்த்துப் பேசினா ராஜாவுக்கு வெறி ஏறும். "அப்படியே ஆகட்டும்"னுட்டு, நேரா கல்விச்சாலைக்குப் போய் வைத்தியர்கள் காதுல ஏதோ ஓதிட்டு வந்தார்.

பௌர்ணமிக்கு ரெண்டு நாள் இருக்கு. ராஜாவோட கட்டைவிரல் கத்திரிக்காய் கணக்கா வீங்கிப்போச்சு. சிம்மாசனத்துல உட்கார்றான், எழுந்திரிக்கிறான், சன்னலுக்கு நொண்டிக்கிட்டுப் போறான், "ஐயோ"ன்னு திரும்புறான். "கூப்பிடு வைத்தியரை!"

கல்விச்சாலையிலிருந்து ஒரு வைத்தியர் வந்தார். காலைப் பார்த்தார். கையைக் கட்டிக்கிட்டு நின்னார்.

"என்னய்யா நோய் இது?"

"மகாராஜாவுக்கு இது என்னவா இருந்தா பிரியம்?"

"என்னது!"

"முத்திரை வாங்காம நாங்க நோயோட பேரைச் சொல்லக் கூடாதுங்களே. மாறநாதர் என்ன சொல்றாரோ அதுதான் நோய்."

மாறநாதருக்கு வேர்த்துக் கொட்டுச்சு. "இ... இது வீக்கமே இல்ல மகாராஜா. தங்கள் பாதம் வளருது. வீரத்தோட அடையாளம்!"

"அடேய்! இங்கே உயிர் போகுது, வளருதாம்ல! சாத்தனாரைக் கூட்டிட்டு வாங்கடா!"

சாத்தனார் வந்தார். முன்னாடி சொன்னதையே இப்ப முகத்துக்கு நேரா சொன்னார். கறியும் கள்ளும் நின்னுச்சு, கஷாயம் உள்ளே போச்சு, மூணாம் நாள் ராஜா காலை ஊனி நடந்தான். உத்தரவை ரத்து பண்ணினான். குழைக்காதரோட வேலைதான் இதுன்னு புரிஞ்சு, சிரிச்சு, கழுத்து மாலையைக் கழட்டி அவருக்குப் போட்டான். "மாறநாதரே, தினமும் எனக்குக் கஷாயம் கொண்டு வர்றது இனி உம்ம வேலை. முதல் குவளையை நீரே குடிச்சுக் காட்டணும்."

சாத்தனாருக்குத் தலை நிமிர்ந்துச்சு. "பார்த்தீங்களா? எங்க சாலையை எவனும் கேள்வி கேட்கக் கூடாது!"

"நான் கேட்கணும் சாமி"ன்னு சபையோட கடைசியில ஒரு குரல். வெள்ளையம்மான்னு ஒரு குடியானவப் பொம்பளை. மூணு நாளா முறையீட்டோட நிக்கிறா, யாரும் கண்டுக்கலை. "என் வீட்டுக்காரரைக் காய்ச்சலோட வண்டியில போட்டு உங்க வாசலுக்குக் கொண்டாந்தேன். நாலு நாள் கிடந்தோம். 'உள்ளே தர்க்கம் நடக்குது, முடியாம கதவு திறக்காது'ன்னாங்க. அஞ்சாம் நாள் அவர் போய்ச் சேர்ந்துட்டார். எங்க களத்து நெல்லு மட்டும் உள்ளே போச்சு."

"தர்க்கம் தொடங்கினா தாழ் போடறது எங்க வழக்கம்மா. அதுக்கெல்லாம் நாங்க யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை"ன்னார் சாத்தனார்.

ராஜா மறுபடி துள்ளினான். "கொண்டா அந்த முத்திரையை!"

"உட்காருங்க மகாராஜா"ன்னு குறுக்கே வந்தார் குழைக்காதர். "என்ன படிக்கிறது, என்ன சொல்லித்தர்றதுங்கிறதுல நீங்களும் நானும் மூக்கை நுழைக்க வேண்டாம். ஆனா நெல்லு கொடுத்தவங்க கேட்டா ஆசான் பதில் சொல்லியாகணும். வருஷா வருஷம் அறுப்பு முடிஞ்சதும் களத்துல நின்னு, அவங்களுக்குப் புரியற பேச்சுல சொல்லட்டும். இன்னிக்கு இந்தம்மாவுக்குச் சொல்லட்டும்."

ராஜா சரின்னான். சாத்தனார் வேண்டாவெறுப்பா, "கேளும்மா"ன்னார்.

அவ கொஞ்சம் யோசிச்சா. "அந்த நாலு நாளும் உள்ளே எதைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்க?"

ராஜாகூட அசையாம உட்கார்ந்திருந்தான்.

"காய்ச்சலைப் பத்தி."

"முடிவு கிடைச்சுதா?"

"இல்லம்மா."

"வெளியே ஒருத்தர் காய்ச்சலோட கிடந்தாரே சாமி. வந்து பார்த்திருக்கலாமே."

அந்த மனுஷனால அதுக்கு மேல நிமிர்ந்து நிக்க முடியலை. சாயங்காலமே அந்தக் கதவோட தாழ்ப்பாளைத் தன் கையாலே பிடுங்கிப் போட்டார். மருங்கநாட்டுல அப்புறமும் தர்க்கம் நடந்துச்சு, தொண்டை கிழிய நடந்துச்சு. வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா மட்டும் எல்லாரும் பாதியில எழுந்து வெளியே ஓடி வந்தாங்க.