செத்த கிடாவோடு ஒரு பந்தயம்

முன்னொரு காலத்தில் வெண்கரடு நாட்டைக் கோளரிவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. கிடாமுட்டு பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில்தான் ஆண்டான்.

அவனுடைய பந்தயங்களுக்கெல்லாம் அதிகாரி வல்லபராயர். அமைச்சர் திருமேனியாரின் பதவி மேல் ராயருக்கு வெகுநாளாக ஒரு கண்.

பஞ்சத்தில் இரண்டு மரக்கால் கம்புக்காகப் பேச்சி என்ற பெண் ராயர் வீட்டுக்கு ஆளானாள். ஆள் என்றால் அடிமை. முன்கையில் ராயரின் முத்திரையைப் பழுக்கக் காய்ச்சிச் சூடு போட்டுவிடுவார்கள். அவள் புருஷன் மாசாணம் கல் உடைப்பவன். அவளை மீட்க, தன் ஒரே கிடாவை ராயரின் கிடாவோடு மோத விடச் சம்மதித்தான்.

ராயர் ஓலை எழுதினார். "உன் கிடா ஜெயித்தால் பேச்சி உனக்கு. தோற்றால் நீயும் எனக்கு ஆள்" என்று வாயால் படித்துக் காட்டினார். படிக்கத் தெரியாத மாசாணம் ஓலையில் கீறல் போட்டுக் கொடுத்தான்.

நாற்பத்தோராவது முட்டில் இரண்டு கிடாக்களும் மண்டை பிளந்து விழுந்தன. இரண்டும் எழவில்லை. நடுவர் கையை விரித்து, "சமன்" என்றார். சமன் என்றால் பந்தயத்தில் வைத்ததை அவரவர் திரும்ப எடுத்துக்கொண்டு போவதுதான் அந்த நாட்டு வழக்கம்.

ராயர் ஓலையை நீட்டினார். "மன்னா, இதில் 'தோற்றால்' என்ற சொல்லே இல்லை. 'வெல்லாது போனால்' என்றுதான் இருக்கிறது. இவன் கிடா வென்றதா?"

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். "பலே! மூளைக்காரரய்யா நீர்!"

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மாசாணத்தின் முன்கையில் முத்திரையை வைத்துவிட்டார்கள். கருகிய வாடை ராஜாவின் மேடை வரைக்கும் வந்தது. ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டான்.

அமைச்சர் எழுந்தார். "ராயரே, நாளை காலை இதே களத்தில் இன்னொரு பந்தயம். உம்மிடம் இருக்கும் நல்ல கிடா ஒன்றைக் கொண்டுவாரும். வென்றால் நான் உமக்கு ஆள், என் பதவியும் உமக்கே. வெல்லாது போனால் நீர் மாசாணத்துக்கு ஆள்."

"எதிர்க் கிடா எது?"

"மாசாணத்தின் கிடாதான். அதோ கிடக்கிறதே."

"செத்ததா! அமைச்சருக்குப் புத்தி பிசகிவிட்டது மன்னா!" ராயர் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஈ மொய்க்கும் உடலை நடுக்களத்தில் போட்டார்கள். ராயரின் கிடாவை அவிழ்த்துவிட்டார்கள். எதிரே ஒன்று தலை தாழ்த்தி நின்றால்தானே கிடா ஓடிவந்து முட்டும்? அது செத்ததை மோந்து பார்த்தது. ஒருமுறை கத்திவிட்டுப் பக்கத்திலேயே நின்றது. ராயர் வாலை முறுக்கினார், பிரம்பால் அடித்தார். அது நகரவில்லை.

நடுவர் கையை விரித்தார். "முட்டே விழவில்லை. சமன்."

ராயரின் கையில் சூடு போடக் கொல்லன் முத்திரையை நெருப்பில் போட்டான். ராயர் ராஜாவின் காலில் விழுந்தார். "ஐயோ மன்னா! சமன் என்றால் வைத்ததை அவரவருக்குத் திருப்புவதுதானே நியாயம்!"

"அப்படியானால் நேற்றைய சமனுக்கும் அதே நியாயம்தானே?" என்றார் அமைச்சர்.

ராயர் தலை குனிந்தார். "மாசாணத்தை விட்டேன். ஆனால் அவன் ஜெயிக்கவில்லை. பேச்சி என் ஆள்தான்."

உள்ளதைச் சொன்னால் அது சரிதான். சமன் யாருக்கும் எதையும் புதிதாகத் தராது. மாசாணம் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"சரி ராயரே," என்றார் அமைச்சர். "அவன் வைத்ததை வைத்தபடியே திருப்பும். சூடு படாத கையோடு வந்தான். அந்தக் கை எங்கே?"

ராயர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"கையைத் தர முடியாவிட்டால், அதற்கு ஈடாக அவன் கேட்பதைத் தர வேண்டும். நீ கேளப்பா."

"எனக்குப் பேச்சியக் குடுங்க சாமி. வேற ஒண்ணும் வேணாம்."

ராஜா ராயரின் அதிகார மோதிரத்தைப் பிடுங்கி அமைச்சர் கையில் கொடுத்தான். மாசாணத்துக்குப் பொன்முடிப்பை நீட்டினான். மாசாணம் வாங்கவில்லை. "நேத்து நீங்க சிரிச்சீங்களே சாமி" என்று மட்டும் சொன்னான். ராஜா தரையைப் பார்த்தான்.

பேச்சியைக் கூட்டிவந்தார்கள். புருஷன் கையிலிருந்த புண்ணை அவள் நெடுநேரம் பார்த்தாள். அதன் பக்கத்தில் தன் கைத்தழும்பை வைத்தாள்.

"இப்ப நாம ரெண்டு பேரும் சமன்தான்" என்றாள்.