குரங்கு போட்ட அழகு முடிச்சு

காட்டாற்றின் குறுக்கே ஒரு கொடிப்பாலம் தொங்கியது. அது எவருக்கும் தனிச்சொத்து அன்று. எவரும் அதில் நடக்கலாம்; பழுது கண்டால் எவரும் சீர்செய்யலாம். சீர்செய்த இடத்தைக் கரடி மொத்தன் தன் பலமெல்லாம் கூட்டி இழுத்துப் பார்க்கும். அது தாங்கினால், செய்தவர் தம் உடல் முடியில் ஒரு கொத்தை அங்கே கட்டிவைக்கலாம். முடி கட்டிய இடத்தை விலங்குகள் அஞ்சாமல் மிதித்தன.

முயலின் முடி அங்கே காற்றில் ஆடுவதைக் கண்டு, துடுக்கன் என்னும் குரங்குக்கு வயிறு எரிந்தது.

"முயலுக்கே இடம் உண்டு! எனக்கு இல்லையா?"

மாலையில் அக்கரையிலிருந்து உறவினர் விருந்துக்கு வரவிருந்தனர். அதற்குள் தன் முடி பாலத்தில் ஆட வேண்டும்! துடுக்கன் பாலமெங்கும் பழுது தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. நடுவில் ஒரு பருத்த முடிச்சுதான் கண்ணில் பட்டது.

"சீ, என்ன அவலட்சணம்!" என்று அதை அவிழ்த்து, பூப்போல ஒரு முடிச்சுப் போட்டது. அதன்மேல் குதித்தும் பார்த்தது. முடிச்சு நெகிழவில்லை.

கரையில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த முள்ளம்பன்றி செங்காயி நிமிர்ந்து பார்த்தது. "அடேய், அந்த முடிச்சு ஏன் அவ்வளவு பருமன் என்று யாரையாவது கேட்டாயா?"

"கேட்பானேன் அக்கா? நான் குதித்தேன், தாங்கியதே!"

"உன் எடையை ஈர்க்குச்சியும் தாங்கும்! மொத்தன் தேனுக்குப் போயிருக்கிறான். வரட்டும், பொறு."

செங்காயி மீண்டும் குனிந்ததுதான் தாமதம். துடுக்கன் தன் வாலில் ஒரு கொத்து முடியைப் பிடுங்கிக் கட்டிவிட்டது!

மாலையில் உறவினர் வந்தனர். "நம் பிள்ளையின் முடியாம்! வாருங்கள் பார்க்கலாம்!" என்று அத்தைமாரும் மாமன்மாரும், வயிற்றைப் பற்றிய குட்டிகளோடு, நடுப்பாலத்தில் மொய்த்துவிட்டனர். பூமுடிச்சு மெல்ல நழுவியது.

துடுக்கன் அதைக் கண்டுவிட்டது. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் உறவே ஆற்றோடு போகும்!

"ஓடுங்கள்! அது கரடி இழுத்துப் பார்க்காத முடிச்சு! நான் செய்தது திருட்டுத்தனம்!"

குரங்குகள் அலறிக்கொண்டு கரைக்குப் பாய்ந்தன. கடைசி அத்தை கால் எடுத்ததும் முடிச்சு அவிழ்ந்தது. பாலத்தின் ஒரு பக்கம் ஆற்றில் சரிந்தது.

மறுநாள் காலை, துடுக்கன் எல்லாரிடமும் கேட்டுக் கேட்டுப் பழைய பருத்த முடிச்சையே மறுபடி போட்டது. மொத்தன் மூச்சுப்பிடித்து இழுத்தது. முடிச்சு இம்மியும் நகரவில்லை.

"இப்போது கட்டடா உன் முடியை!" என்று சிரித்தது செங்காயி.

"பொறுங்கள் அக்கா! மொத்தனாரின் மாமியாரும் ஒருமுறை இழுத்துப் பார்க்கட்டும்!"

பலர் நம்பி மிதிக்கும் பொதுப்பணியில் கைவைப்பவர், தம் பெயரை நாட்டுவதற்கு முன் தம் வேலையைப் பிறர் சோதனைக்கு உவந்து ஒப்படைக்க வேண்டும்.