தெய்வானை எடுத்துப் போன மீதி

குழந்தைவேலு ஆசிரமத்துக்கு வந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. வலது காலில் கட்டு. செருப்பைக் கழற்றவே நேரம் பிடித்தது.

குரு அவரைவிட வயதில் இளையவர். எழுந்து வந்து கைகொடுத்து உட்கார வைத்தார்.

“காலுக்கு என்னங்க?”

“சர்க்கரைப் புண்ணு சாமி. ஒரு விரலை எடுத்துட்டாங்க. இன்னும் இனிப்பு தின்னா காலையே எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“தின்னுறீங்களா?”

குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் மனைவி தெய்வானை சித்திரையில் இறந்துபோனாள். காரியங்கள் முடிந்து மகளும் ஊருக்குத் திரும்பிய பிறகு, சமையலறையில் தெய்வானையின் ஓவன் மட்டும் மூலையில் இருந்தது. ஒரு நாள் அதைத் துடைத்தார். அவள் செய்து பார்த்த ஞாபகத்தில் வாழைப்பழ கேக் ஒன்று செய்தார். முதல் தடவை கல்லாக வந்தது. போகப்போகக் கை பழகிவிட்டது. அப்புறம் செய்யாத நாளில்லை.

“மாவு கலக்கறப்ப மட்டும் மனசு சும்மா இருக்குதுங்க. வெந்து வாசம் வர்றப்போ அவ உள்ள நிக்கற மாதிரி இருக்கும். வெளிய எடுத்து வச்சதும் வீடு வெறிச்சோனு ஆயிடுது. அப்புறம் உக்காந்து தின்னுருவேன்.”

“முழுசுமா?”

“வச்சா பூஞ்சை பிடிக்குது. குப்பையில போடக் கை வரமாட்டேங்குது. ஓவனை வித்துருங்கப்பானு மக சொல்றா. வித்துரட்டுங்களா சாமி?”



“அந்தம்மா இருந்தப்போ நீங்க எவ்வளவு தின்னுவீங்க?”

“ரெண்டு துண்டு. சாயங்காலம் டீயோட.”

“அவங்க?”

“பதம் பாக்க ஒரு கிள்ளு வாயில போடுவா. அவ்வளவுதான்.”

“மீதி எங்க போச்சு?”

 

“தெரியலீங்க.”

“கேட்டதில்லையா?”

“தட்டுல வந்துது. தின்னேன்.”

“விசாரிச்சுட்டு வாங்க.”

“யாருகிட்டங்க விசாரிக்கறது? அவளே இல்லையே!”

 குரு எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் கேக் ஆறியதும் குழந்தைவேலு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டார்.

“எங்களுக்கு எப்பவாச்சும் தருவாங்க. மத்தபடி டப்பாவைத் தூக்கிட்டு அக்கா மர டிப்போ சந்துக்குத்தான் போவாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

கேக்கை டப்பாவில் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார். சந்தின் கடைசியில் ஒரு தகரக்கூரை வீடு. மாராத்தாள் என்ற பெண் கதவைத் திறந்தாள். அவரைப் பார்ப்பதற்கு முன் டப்பாவைப் பார்த்தாள்.

“அக்கா குடுத்து விட்டாங்களா? கோவம் போயிருச்சுங்களா?”

“என்ன கோவம்?”

“நான்தானுங்க புத்தி கெட்டுப்போய், ‘எங்களைப் பிச்சைக்காரங்கனு நெனச்சீங்களா’ன்னு ஒரு நாள் வெடுக்குனு கேட்டுட்டேன். அன்னிக்குப் போனவங்கதான், இந்தப் பக்கமே வரல. படுக்கையில கெடக்கற மனுசனை விட்டுட்டு எனக்கும் நகர முடியல. அக்கா கையைப் புடிச்சு ஒரு வார்த்தை சொல்லணும்னு நெனச்சுட்டே இருக்கேன்.”

குழந்தைவேலு சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. தெய்வானை கோவித்துக்கொள்ளவில்லை, காய்ச்சலென்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை என்று சொன்னார்.

மாராத்தாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை.

உள்ளே இருட்டிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. “யாரு, தெய்வானையக்காவா?”

அவள் குழந்தைவேலுவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்பக்கம் திரும்பி, “ஆமா. கேக்கு கொண்டாந்திருக்காங்க” என்றாள்.

டப்பாவை வாங்கிக்கொண்டு, ஒரு துண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் வாசலிலேயே நின்று அதைத் தின்றார். 

மார்கழியில் அவர் மறுபடி ஆசிரமத்துக்கு வந்தார்.

“கால்?” என்று கேட்டார் குரு.

“ஆறிட்டு வருதுங்க.”

“ஓவன்?”

“விக்கல.”

“முகம் ஏன் இப்படி இருக்கு?”

“மீதியை அவ கொண்டு போன வீட்டுக்கு நானும் தினமும் கேக் கொண்டு போறது நல்லாத்தான் இருந்துது சாமி. அங்க மாராத்தா வீட்டுக்காரருக்குப் பல்லு இல்ல. எது எறங்கும்னு யோசிச்சு, பால் கூடுதலா ஊத்தி மெத்துனு செஞ்சேன். யோசிக்கறதே சுகமா இருந்துது. நேத்து மாராத்தா ஊட்டி ஊட்டிப் பார்த்துச்சு. ஒரு வாய் உள்ள போகல. தை பொறக்கறதை அவர் பாக்கமாட்டார்.”

குழந்தைவேலு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அதுக்கப்புறம் நான் என்னங்க பண்றது? மறுபடி தனியா உக்காந்து முழுசையும் தின்னுட்டுக் கெடப்பனா?”

“அவர் போயிட்டா, மாராத்தா சமைக்கறதை விட்டுருவாங்களா?”

“எப்படிங்க விட முடியும்? ஒரு ஆளுக்கு அளவா வைக்கக் கை வராது. கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேருக்குத்தான் உலை வைக்கும்.”

“அந்த மீதியை யார் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க?”

“என் வீட்டுக் கதவைத் திறந்து வைக்கறேனுங்க சாமி” என்று குழந்தைவேலு எழுந்தார்.