அரிவாளோடு நிற்பவர்

“தெரியாது” என்று சொல்லிவிட்டு மருதவாணன் விறுவிறுவென்று நடந்தான். பச்சைப் பொய். அந்தப் படத்தில் அரிவாளோடு நின்றது அவனைப் பெற்ற அப்பா.

படத்தைக் காட்டி, இது யார் தெரியுமா என்று கேட்டவள் ஐம்பது வயதுப் பெண். அந்த நினைவகத்துக்கு வாராவாரம் வருகிறவள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரில் ஓர் இனத்தையே வீடு வீடாகத் தேடி வெட்டியிருந்தார்கள். உள்ளே, செத்தவர்களுக்கு ஒரு சுவர், வெட்டியவர்களுக்கு ஒரு சுவர். வெட்டியவர்கள் பெருமையாக நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அவை. ஆளைத் தெரிந்தவர்கள் கீழே தொங்கும் சீட்டில் பெயரையும், தங்களுக்கு எப்படித் தெரியும் என்பதையும் எழுத வேண்டும். எழுதிய பெயரை மாற்ற, இவர் அவர் இல்லை என்று சொன்னால் போதாது. யார் என்று சொல்ல வேண்டும்.

அவன் அப்பா படத்துக்குக் கீழே எவனோ ஒருத்தன் ‘பொன்னுரங்கம், என் எதிர்வீட்டுக்காரர்’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மீசை, அவ்வளவுதான். நிஜமாக வெட்டிய அவன் அப்பா அப்போதே குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். பொன்னுரங்கமோ அன்றைக்கெல்லாம் காய்ச்சலில் கிடந்த மனுஷன். அவர் மகள்தான் இந்தப் பெண். அவள் கடையில் இப்போது ஒருத்தரும் இட்லி வாங்குவதில்லை.

செத்தவர்கள் சுவர் முன்னால், அவனோடு வந்திருந்த குருவம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தார். மருதவாணன் ஆசானாக மதிக்கிறவர், அவனைவிட நாலு வயது சின்னவர். ஆனாலும் அவன் ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவான். கிளம்பலாம் என்றான். பஸ் போய்விடும் என்றான். தலை வலிக்கிறது என்றான். அவர் அசையவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

சரி, போய் எழுது என்றார்.

அது எப்படி முடியும்? வீட்டில் பெற்றவள் உயிரோடு இருக்கிறாள், எண்பது வயது. புருஷன் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறாள். அவள் கண்ணை மூடட்டும், மறுநாளே வந்து எழுதுகிறேன் என்றான். சொல்லும்போதே கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. பேச்சை மாற்றப் பார்த்தான்.

“அதை விடுங்கம்மா. இத்தனை பேரை வெட்டும்போது மிச்ச ஊர் என்ன பண்ணிட்டிருந்தது? ஒருத்தனாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா?”

“அவங்க வீட்டிலேயும் வயசான அம்மா இருந்திருப்பாங்க.”



“எழுதிட்டு வா. வாசல்ல இருக்கேன்” என்று குருவம்மாள் எழுந்து போனார்.

மருதவாணன் படத்தின் முன்னால் போய் நின்றான். அந்தப் பெண் நகர்ந்து இடம் விட்டாள். பென்சிலைக்கூட அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அவன் எழுதவில்லை.