சராசரிக்கு மேலே ஒரு மதிப்பெண்

முன்னொரு காலத்தில், போரும் இல்லாமல் பொழுதும் போகாமல் அரசர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒரு காலத்தில், உத்தண்டராயர் என்றொரு மன்னர் இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் யாராவது எதையாவது காதில் போட்டுவிட்டால் சாயங்காலத்துக்குள் அது ஆணையாகிவிடும். அவருடைய சபையில் பிச்சாண்டான் என்ற விகடகவி இருந்தான். அவன் வாயைத் திறந்தால் மன்னர் சிரிப்பார். மன்னர் சிரித்தால் தலைமைப் பண்டிதர் சடாதரருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அண்டை நாட்டுத் தூதன் வந்தான். விருந்தெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போகிற போக்கில், "எங்கள் கலாசாலையில் மேற்படிப்பு மாணாக்கரின் சராசரி நூற்றுக்கு அறுபது. இங்கே எவ்வளவோ?" என்று கேட்டுவைத்தான். விசாரித்தால் ஐம்பத்திரண்டு. மன்னரின் மீசை துடித்தது. சராசரி என்றால் என்னவென்று அவருக்குத் தெளிவாகத் தெரியாது. எல்லோர் மதிப்பெண்ணையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் வருவது, அவ்வளவுதான். ஆனால் தெரியாது என்று சொல்ல மன்னருக்கு வாய் வருமா?

"இனி என் கலாசாலை மேல்வகுப்பில் சராசரிக்குக் கீழே ஒருவரும் இருக்கக் கூடாது. இருப்பவர்களை வெளியேற்றுங்கள்!" என்றார்.

சடாதரர் வாயெல்லாம் பல்லாக ஆணையை நிறைவேற்றினார். கலாசாலையில் இருந்த ஒரே மேல்வகுப்பு மருத்துவம்தான், நாற்பது பேர். முதல் அமாவாசைத் தேர்வில் சராசரிக்குக் கீழே இருந்த பத்தொன்பது பேர் மூட்டை கட்டினார்கள். மீதிப் பேருக்குச் சராசரி ஏறிவிட்டதா, அடுத்த அமாவாசைக்கு அவர்களிலேயே ஒன்பது பேர் கீழே போய்விட்டார்கள். அதற்கடுத்த அமாவாசைக்கு இன்னும் ஆறு பேர். கடைசியில் அறுவர்தான் மிச்சம். சராசரி எழுபத்தேழு.

"ஐம்பத்திரண்டை எழுபத்தேழாக்கிக் காட்டினேன் பிரபு!" என்று சடாதரர் சபையில் நெஞ்சை நிமிர்த்தினார். பண்டிதர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். நாற்பது வைத்தியர்கள் ஆறு வைத்தியர்களாகிவிட்டதை யாரும் பேசவில்லை.

அந்த அறுவரில் ஒருத்தி மருதவள்ளி. முப்பத்தைந்து வயது, கைம்பெண். எழுபத்தொன்று வாங்கி, அறுவரில் கடைசியாக நின்றாள். வரப்போகும் அமாவாசையோடு அவள் கதை முடிந்தது. அதற்குச் சில நாள் முன்பு ஒரு காலையில் அரண்மனை வாசலில் பிச்சாண்டானை வழிமறித்தாள்.

"ஐயா, அஞ்சு வருஷம் படிச்சேன். எங்க பக்கத்துல ஏழு ஊருக்கு ஒரு வைத்தியர் இல்ல. அதனாலதான் என் வீட்டுக்காரர் மூணே நாள் காய்ச்சல்ல போனாரு. ஊர்க்காரங்கதான் என்னை அனுப்பி வச்சாங்க. பட்டயம் இல்லாம நான் ஒரு வேரைத் தொட்டாலும் தண்டனை. வெறுங்கையோட போயி அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

பிச்சாண்டான் நேரே சபைக்குப் போனான்.

"அரசே, மருதவள்ளி ஆறு மாதத்துக்கு முன்பும் எழுபத்தொன்று வாங்கினாள். அன்று தாங்களே அவளுக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். இன்றும் எழுபத்தொன்று. துரத்தப் போகிறோம். அவள் கற்றது குறையவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்."

மன்னர் தாடையைத் தடவினார். சடாதரருக்கு மூக்கு வேர்த்தது. எத்தனை நாளாகக் காத்திருந்த சந்தர்ப்பம்!

"பிரபு! விகடகவிக்குக் கல்வித் தரத்தில் இவ்வளவு அக்கறை இருக்குமானால் பொறுப்பை அவரே ஏற்கட்டும். அந்த அறுவரில் ஒருவரும் சராசரிக்குக் கீழே போகாமல் அவர் செய்துகாட்டட்டும். முடியாவிட்டால் அந்தப் பெண்ணோடு சேர்ந்து அவரும் நாட்டைவிட்டுப் போகட்டும்."

மன்னருக்கு இந்த மாதிரிப் பந்தயம் என்றால் உயிர். "ஆகட்டும்!" என்று சொல்லிவிட்டார்.

சடாதரர் விடவில்லை. ஓலையை வாங்கித் தம் கையாலேயே ஆணையை எழுதினார். விடையோலையில் பெயர் இருக்கக் கூடாது, ரகசியக் குறி மட்டும். திருத்துகிறவர் மருத்துவ ஆசான் மட்டும். அவள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால்? முட்டாள் நாலு பேரைப் புதிதாகச் சேர்த்து இவன் சராசரியை இறக்கிவிட்டால்? அதற்கும் ஒரு வரி போட்டார்: 'கலாசாலை வருகை ஏட்டில் இன்றுவரை பெயர் எழுதி, அடிபடாமல் இருக்கும் எவராயினும், குலமோ பதவியோ பாராமல், விலக்கின்றித் தேர்வெழுத வேண்டும். புதுப்பெயர் ஒன்றும் எழுதக் கூடாது.' மன்னர் முத்திரை குத்தினார்.

வெளியே வந்த பிச்சாண்டானுக்குப் பசி கண்ணை இருட்டியது. கவலை வந்தால் அவனுக்குப் பசிக்கும். கலாசாலை மடைப்பள்ளியில் மாணாக்கருக்காக வைக்கும் சுண்டைக்காய் வத்தக்குழம்பு ஊர் முழுக்கப் பிரசித்தம். வாசனையைப் பிடித்துக்கொண்டே போனான். வாசலில் மடைப்பள்ளித் தலைவி கூத்தாயி, மடியில் கலாசாலை வருகை ஏட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டுல பேரு இருந்தாத்தான் இலை."

"எழுதிவிடுகிறேன், கொடு தாயி."

"புதுப்பேரு எழுதக் கூடாதாம். இப்பத்தான் ஆணை வந்துச்சு. தேவேந்திரனே வந்தாலும் இலை கிடையாது."

"நான் முன்பே எப்போதாவது எழுதியிருப்பேன், பார்க்கிறேன்" என்று புளுகிவிட்டு ஏட்டைப் புரட்டினான். வெளியேற்றப்பட்டவர்களின் பெயர்கள் வரிசையாகக் கோடிழுத்து அடிக்கப்பட்டிருந்தன. பார்க்கவே பாவமாக இருந்தது. நடுவில் மணிமணியான கையெழுத்தில் ஒரு பெயர், அடிபடாமல்: சடாதரப் பண்டிதர், மருத்துவ மேல்வகுப்பு. மறுநாளும் அதே பெயர். அதற்கு மறுநாளும்!

"இது என்ன கூத்து தாயி?"

"என்னத்தச் சொல்ல? குழம்புக்காகத் தினம் மத்தியானம் ஒரு கும்பலே வருது. பெரிய பெரிய பண்டிதருங்க. பேரு எழுதாம இலை போட மாட்டேன்னுட்டேன். மேல்வகுப்புக்குத்தான் ரெண்டாவது கரண்டி குழம்புன்னு எல்லாரும் மேல்வகுப்புன்னே எழுதிட்டாங்க."

பிச்சாண்டான் அந்தப் பெயர்களை எண்ணினான். பதினெட்டு. பசி போன இடம் தெரியவில்லை. கூத்தாயியின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவள், "இந்த ஆளுக்கு என்ன கிறுக்கா?" என்று பின்னால் நகர்ந்தாள்.

அமாவாசையும் வந்தது. வேடிக்கை பார்க்க மன்னரே கலாசாலைக்கு வந்து உட்கார்ந்தார். மத்தியானம் பதினெட்டுப் பண்டிதர்களும் வழக்கம்போல் வயிற்றைத் தடவிக்கொண்டு மடைப்பள்ளிக்குள் நுழைந்தார்கள். காவலர்கள் கதவைச் சாத்தினார்கள். இலை வரவில்லை. ஆளுக்கொரு ஓலையும் எழுத்தாணியும் வந்தன. பின்னாலேயே மன்னரும், தேர்வெழுத மருதவள்ளி முதலான அறுவரும் வந்து உட்கார்ந்தார்கள்.

"என்ன அக்கிரமம் இது!" என்று கத்தினார் சடாதரர். "யாரைத் தேர்வெழுதச் சொல்கிறாய்?"

"வருகை ஏட்டில் பெயர் எழுதி அடிபடாமல் இருக்கும் எவராயினும், குலமோ பதவியோ பாராமல்" என்று ஆணையை நிறுத்தி நிதானமாக வாசித்தான் பிச்சாண்டான். "எழுதியவர் தாங்களே பண்டிதரே. எவ்வளவு அழகான வாசகம்!"

சடாதரர் திருதிருவென்று விழித்தார். மன்னர் தொடையில் தட்டிச் சிரித்தார். "முத்திரை என்னுடையது. எழுதுங்கள் பண்டிதர்களே!"

அப்போது கூத்தாயி ஏட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஐயா, பதினெட்டோட முடியல. கார்த்திகைப் பக்கத்துல இன்னொரு பேரு இருக்கு பாருங்க."

பிச்சாண்டான் வாங்கிப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. கார்த்திகை தீபத்தன்று மடைப்பள்ளியைப் பார்வையிட வந்தவர், குழம்பு வாசனையில் மயங்கி மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டவர், விளையாட்டாகப் பெயரும் எழுதிவிட்டுப் போயிருந்தார்: உத்தண்டராயர், மருத்துவ மேல்வகுப்பு.

சடாதரருக்கு உயிர் திரும்பி வந்தது. "படியுங்கள் விகடகவியாரே! அதையும் உரக்கப் படியுங்கள்! விலக்கின்றி!"

படித்தான். வேறு என்ன செய்ய முடியும்? மன்னரின் சிரிப்பு பாதியில் நின்றது. மன்னர் எழுந்து கிரீடத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மருதவள்ளிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "கொடுங்கள் ஓலையை" என்றார். அவர் கழுத்தில் வியர்வை ஓடியதைப் பிச்சாண்டான் பார்த்தான். பதினெட்டுப் பேருக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தவன், இந்தப் பத்தொன்பதாவது ஆளுக்குப் போடவில்லை. மன்னர் சராசரிக்குக் கீழே போனால் தன் தலை கழுத்தில் இருக்காது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மூன்று நாள் கழித்து மருத்துவ ஆசான் விடையோலைகளோடு சபைக்கு வந்தார். யார் எழுதியது எது என்று தெரியாததால் மனிதர் தாராளமாகப் பேசினார்.

"அறுவர் நன்றாக எழுதியிருக்கிறார்கள், அரசே. மற்றவை கண்றாவி. குளிர்சுரத்துக்கு என்ன மருந்து என்று கேட்டால், ஒருவர் அரசரைப் புகழ்ந்து எட்டு வெண்பா எழுதியிருக்கிறார். இன்னொருவர், இதைப் பற்றி ஆராய ஒரு குழு அமைக்கலாம் என்கிறார். மூன்றாமவர், நோயாளி சராசரிக்குக் கீழே இருந்தால் வெளியேற்றிவிடலாம் என்கிறார். இவர் கையெழுத்து மட்டும் மணிமணியாக இருந்தது, நான்கு போட்டேன்."

சடாதரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரே ஓர் ஆள் மட்டும் பரவாயில்லை. மற்ற கேள்விகளுக்கு வெற்று ஓலை. ஆனால் அஜீரணத்தைப் பற்றி அனுபவித்து எழுதியிருக்கிறார், பாவம். அதற்கு முழுசாக இருபது. மற்றதெல்லாம் தெரியாது என்று கடைசியில் உண்மையை ஒப்புக்கொண்டதற்கு ஒன்று. இருபத்தொன்று."

மன்னர் இருமினார்.

பிச்சாண்டான் ரகசியக் குறிகளைப் பெயர்களோடு ஒப்பிட்டு, விரல் விட்டுக் கூட்டினான். அறுவரும் சேர்ந்து நானூற்று அறுபத்திரண்டு. பதினெட்டுப் பண்டிதர்களும் சேர்ந்து பதினேழு. மன்னர் இருபத்தொன்று. ஆக ஐந்நூறு. தலைகள் இருபத்தைந்து. தலைக்கு இருபது! இன்னொரு முறை கூட்டிப் பார்த்தான். அதே இருபதுதான்.

"அரசே!" என்று துள்ளிக் குதித்தான். "சராசரி இருபது! மருதவள்ளி உள்பட அறுவரும் மேலே! தாங்களும் மேலே, ஒரே ஒரு மதிப்பெண்ணில்! தங்கள் பண்டிதர்கள் உயிரைக் கொடுத்துத் தங்களைக் காப்பாற்றிவிட்டார்கள்!"

மன்னர் விட்ட பெருமூச்சில் சாமரம் வீசுகிறவள் ஒதுங்கினாள். பிறகு மெல்லக் கேட்டார். "அப்படியானால் நான் தேறிவிட்டேனா?"

"தேறிவிட்டீர்கள். இருபத்தொரு மதிப்பெண் வாங்கிய வைத்தியர். தங்களுக்குக் காய்ச்சல் வந்தால் தங்களிடமே காட்டிக்கொள்ளலாம். ஆனால் ஆணைப்படி இந்தப் பதினெட்டுப் பேரும் இன்றே வெளியே போகவேண்டும். மிச்சம் ஏழு பேர். அடுத்த அமாவாசைக்குச் சராசரி எழுபதுக்குப் பக்கத்தில் நிற்கும். அப்போது எல்லோருக்கும் கீழே தாங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். மூட்டை கட்டத் தொடங்கலாமா, அரசே?"

மன்னர் மருதவள்ளியைப் பார்த்தார். அவள் கையில் அழுக்குத் துணி மூட்டை தயாராக இருந்தது, ஒரு மாதமாகவே. அந்தச் சங்கடம் அவருக்கு இப்போதுதான் உறைத்தது. ஒரு நொடி முகம் சுண்டியது. அப்புறம் உதடு துடித்து, வயிறு குலுங்கி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"கிழியுங்கள் அந்த ஆணையை! ஆசானே, ஒரு வைத்தியனுக்கு எவ்வளவு தெரிந்தால் போதும்?"

"அறுபது, அரசே."

"அறுபது வாங்கினால் பட்டயம். நாற்பது பேர் வாங்கினால் நாற்பது பேருக்கும். பக்கத்து நாட்டான் சிரித்தால் சிரிக்கட்டும். போனவர்களையெல்லாம் கூப்பிட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள். பண்டிதர்களே, நீங்களும் அறுபது வாங்கும்வரை வகுப்புக்குப் போங்கள். அதுவரை ஒற்றைக் கரண்டி குழம்புதான்."

அன்றே மருதவள்ளி கைக்குப் பட்டயம் வந்தது. அவள் ஓலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டானுக்குப் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்!" என்றார்.

"பசிக்கிறது அரசே. அந்த வத்தக்குழம்பில் ஒரு கை பார்க்கவேண்டும்."

மன்னரோடு சபையே அவனை ஊர்வலமாக மடைப்பள்ளிக்குக் கூட்டிப் போனது. கூத்தாயி தலைவாழை இலை போட்டாள், தண்ணீர் தெளித்தாள், கரண்டி நிறையக் குழம்பு எடுத்தாள். இன்னொரு கையால் ஏட்டையும் எழுத்தாணியையும் நீட்டினாள்.

"பேர எழுதுங்க."

பிச்சாண்டான் ஏட்டைப் பார்த்தான். குழம்பைப் பார்த்தான். எழுத்தாணியை மன்னர் கையிலேயே பவ்வியமாகக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பழைய சோற்றில் உப்புப் போட்டுக் கரைத்துக் குடித்தான். மன்னர் சிரித்த சிரிப்பு அவன் வீட்டு வாசல் வரைக்கும் கேட்டது.