மீசை முழுகிய பூச்சு

கட்டைவிரல் உயரத்தில் நூறு பூதப் பொம்மைகள், அவற்றுக்குத் தலைவராக ஜமீன்தாரின் உருவம். வண்ணம் தீட்டுபவள் இருளாயி. நீர்த்த வண்ணத்தைப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் மறுபடி பூசி, ஏழு பூச்சில் முடிப்பாள். பூதத்தின் பல்லைக்கூட எண்ணலாம்.

ஜமீன்தார் மீசையை முறுக்கிக்கொண்டு மனைவியோடு பட்டறைக்கு வந்தார்.

"நாளைக்குச் சம்பந்தி வர்றார். எல்லாம் தயாரா இருக்கணும்."

"ஏழு பூச்சும் காயணுமே, சாமி."

"வேலையை இழுக்கிறியா? ஏழையும் சேர்த்து ஒரே பூச்சாப் பூசு. முடியாதுன்னா இப்பவே பட்டறையை விட்டு வெளியே போ."

"உத்தரவு, சாமி. தலைவர்கிட்டேயிருந்தே தொடங்குறேன்."

அவருக்கு அது பிடித்திருந்தது. இருளாயி கெட்டி வண்ணத்தை எடுத்து அவர் உருவத்தின்மேல் அப்பினாள். கண் மூடியது, மூக்கு மழுங்கியது, மீசை முழுகியது.

ஜமீன்தாரின் மனைவி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருடி இந்தச் சுரைக்காய்?"

"நம்ம சாமிதாம்மா. மீசை உள்ளே பத்திரமா இருக்கு."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் பட்டறையே சேர்ந்துகொண்டது. ஜமீன்தார் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"சம்பந்தியை அப்புறமா வரச் சொல்லிக்கிறேன். உன் வழக்கப்படி ஏழு பூச்சாவே பூசு. எத்தனை நாள் ஆகும்?"

"பூதங்களுக்குப் பத்து நாள் போதும், சாமி. உங்களை மனுஷனாக்கத்தான் கூட ரெண்டு நாள் வேணும்."