அக்சு விழுந்த நாள்

அனதோலியா மலைகளுக்கு நடுவே அக்சு என்றொரு சிறிய துருக்கிய அரசு இருந்தது. துர்சுன் பெக் அதை நாற்பது கூடாரங்களோடு தொடங்கினார். அவருடைய பேரன் இல்யாஸ் பெக்கின் காலத்தில், ஒரு வசந்தகாலக் காலையில், அது முடிந்துபோனது.

இல்யாஸ் பெக்கின் அரண்மனையில் வாயில் அதிகாரியாக இருந்தவர் தாவூத். பெக்கை, அதாவது அரசரை, யார் பார்க்கலாம், யார் காத்திருக்க வேண்டும் என்பதை இருபது வருடம் அவர்தான் முடிவு செய்தார். அரசு போன பிறகு ஆற்றங்கரையில் இருந்த தைக்கா என்ற சூஃபி மடத்துக்கு வந்து, ஹூமா என்ற பெண் ஞானியிடம் சீடராகச் சேர்ந்தார். ஹூமாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆனாலும் தாவூத் அவரை ‘தாயே’ என்றுதான் அழைத்தார்.

தைக்காவில் அவருக்கு விறகு பிளக்கும் வேலை. மூன்று மாதம் யாரோடும் அதிகம் பேசவில்லை. ஒருநாள் கோடரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“தாயே, எனக்குப் புரியவே இல்லை. மதிலில் ஒரு கல்கூடப் பெயரவில்லை. களஞ்சியம் நிறையக் கோதுமை இருந்தது. வந்த எதிரிகள் முந்நூறு பேர்தான். ஆனால் மலையில் ஆடு மேய்க்கும் எங்கள் குடிகளில் ஒருவரும் எங்களுக்காக இறங்கி வரவில்லை. எங்கள் அரசு எந்த நாளில் விழுந்தது?”

ஹூமா மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“மேய்ச்சல் மேட்டுக்குப் போகிறேன். வாருங்கள்.”

மேட்டில் சுங்குர் என்ற கிழவர் பால் கறந்துகொண்டிருந்தார். தாவூதைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“ஐயா, நீங்களா! இப்படி இளைத்துவிட்டீர்களே” என்று ஒரு கிண்ணம் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

“என்னைத் தெரியுமா?”

“தெரியாமலா? பெரும்பனி விழுந்த வருடம் உங்கள் வாசலுக்கு வந்தேனே. கோட்டைக்குக் கீழே இருக்கும் புல்வெளியில் ஆடுகளை விட அனுமதி கேட்டேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவே இல்லை. ‘நாளைக்கு வாருங்கள்’ என்றீர்கள். குடிக்கச் சூடாகக் கஞ்சியும் கொடுக்கச் சொன்னீர்கள்.”

“மறுநாள்?”

“மறுநாளும் கஞ்சி கொடுத்தார்கள். ஒன்பது நாள் வந்தேன்.”

“பிறகு ஏன் வரவில்லை?”

“ஆடுகள் செத்துவிட்டன, ஐயா.”

கிழவரின் குரலில் கசப்பு இல்லை. தாவூதால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஹூமா கேட்டார். “துர்சுன் பெக்கைப் பார்த்திருக்கிறீர்களா?”

“நான் பார்த்ததில்லை. அப்பா சொல்லுவார். அதே மாதிரி ஒரு பனியில் அப்பா அவருடைய கூடாரத்துக்குப் போனாராம். பெக் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து, தன் குதிரைகளைத் தொழுவத்துக்கு வெளியே கட்டிவிட்டு, எங்கள் ஆடுகளை உள்ளே விட்டாராம். அவருடைய நல்ல குதிரை ஒன்று அந்தக் குளிரில் செத்துப்போனது. பனி உருகியதும் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருந்தவர்களெல்லாம் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அவரிடம் வந்துவிட்டார்கள்.”

தாவூத் மெல்லக் கேட்டார். “எதிரிகள் வந்த அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?”

“இங்கேதான். என் மூன்று மகன்களும் அந்தப் பாறைமேல் நின்று பார்த்தார்கள். கையில் வில்லும் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பால் கறக்க வந்துவிட்டார்கள்.”

தாவூத் கிண்ணத்தைக் கீழே வைத்தார். சுங்குரின் கையைப் பிடித்துக்கொண்டார். கிழவர்தான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

இறங்கும் வழியில் தாவூத் சொன்னார்.

“அப்போது பெக்கின் மகளுக்குத் திருமணம், தாயே. நிறைய விருந்தாளிகள். அந்த நேரத்தில் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.”

சில அடிகள் நடந்ததும் தாவூத் மறுபடி கேட்டார்.

“அப்படியென்றால், நான் சுங்குரைத் திருப்பி அனுப்பிய அன்றைக்கே அரசு விழுந்துவிட்டதா?”

“இல்லை, தாவூத்” என்றார் ஹூமா. “மறுநாள் அவர் திரும்ப வந்தார். ஒன்பதாம் நாளும் வந்தார். பத்தாம் நாள்தான் வரவில்லை.”